எழுத்தின் அடியில் ஒரு புள்ளி

டெர்வேனி பாப்பிரஸ் என்ற, நாணல் தாளில் எழுதிய பழைய கிரேக்க ஏட்டின் நான்காவது பத்தியைக் கையால் படியெடுத்து வரும்படி, எனக்குக் கிரேக்கம் கற்பித்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருமுறை சொன்னார். ஹெராக்ளிட்டஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவஞானியின் பெயர் வருகின்ற பத்தி அது. சூரியனின் அகலம் ஒரு மனிதப் பாதத்தின் அளவு என்ற அவருடைய கூற்று அங்கே மேற்கோளாக வருகிறது. நூலகத்தில் இருந்த பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவழித்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனேன். பேராசிரியர் என் தாளை நெடுநேரம் பார்த்தார். "எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கிறவர், முழுதாக இருக்கிற ஏட்டைப் பார்த்து எழுதியது என்று நம்பிவிடுவாரே" என்றார். பதிப்பில் பல எழுத்துகளின் அடியில் சிறு புள்ளிகள் இருந்தன. பல சொற்கள் பாதியில் சதுர அடைப்புக்குள் நுழைந்திருந்தன. அவற்றை எல்லாம் நான் விட்டுவிட்டேன். மறுவாரம் புள்ளிகளோடும் அடைப்புகளோடும் மீண்டும் எழுதிச் சென்றேன். கிரேக்கத் தத்துவத்தை ஆராய்கின்றவர்களின் உலகத்தை நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது அந்த இரண்டாவது தாளில் இருந்துதான்.

அந்தக் குறிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1931-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கூடிய அறிஞர்கள், பாப்பிரஸ்களையும் கல்வெட்டுகளையும் பதிப்பிக்கின்றவர்கள் அனைவரும் ஒரே வகைக் குறிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு முன்னர் ஒருவர் இட்ட அடைப்புக்குறிக்கு மற்றொருவர் வேறு பொருள் கொள்ள இடம் இருந்தது. லெய்டன் முறைப்படி, ஏட்டில் அழிந்துபோய்ப் பதிப்பாசிரியரே ஊகித்து நிரப்பிய எழுத்துகள் சதுர அடைப்புக்குள் வரும். எழுதியவர் தவறவிட்டதாகப் பதிப்பாசிரியர் கருதிச் சேர்த்தவை கோண அடைப்புக்குள் வரும். எழுதியவரே அடித்துத் திருத்தியவை இரட்டைச் சதுர அடைப்புக்குள் வரும். மையின் எச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அந்த எச்சத்தை மட்டும் வைத்து இன்ன எழுத்து என்று அறுதியிட முடியாது என்றால், எழுத்தின் அடியில் ஒரு புள்ளி. நமக்குப் புள்ளி எழுத்தின் தலைமேல் இருப்பது. ஓலைச்சுவடிகளில் அதை இடாமல் விட்டு, மெய்யா உயிர்மெய்யா என்று படிக்கின்றவரே தீர்மானித்துக்கொள்ளும்படி எழுதினார்கள். இங்கே, படித்தவர் தாம் தீர்மானித்த இடத்தைப் பிறருக்குக் காட்டுவதற்காகப் புள்ளியை அடியில் இடுகிறார்.

பிளேட்டோ இறந்து 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன, இன்னும் ஆராய என்ன இருக்கிறது என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கருத்துகளை மறுபடியும் மறுபடியும் விளக்குவதுதான் இந்தத் துறை என்ற எண்ணத்தில் எழும் கேள்வி அது. விளக்கப்பட வேண்டிய வாக்கியமே இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் என் பதில். எந்த எழுத்து உறுதியானது, எது ஊகம், அந்த ஊகம் யாருடையது என்ற கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டு வருகின்ற ஒரு கூட்டம் இருக்கிறது. புதிய கருவிகள் வரும்போதெல்லாம் அவர்கள் பழைய புள்ளிகளிடம்தான் திரும்பிப் போகிறார்கள்.

இதை இத்தாலியின் ஹெர்குலேனியத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்த அந்த ஊரின் பெரிய மாளிகை ஒன்றில் இருந்து, 1752 முதல் கரிக்கட்டை போன்ற சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. இன்று துண்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 1,800 எண்கள் பட்டியலில் உள்ளன. பெரும்பாலானவை நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. படிக்க முடிந்தவற்றில் மிகுதியானவை கிரேக்க நூல்கள். அவற்றிலும் மிகுதி, கதாராவைச் சேர்ந்த ஃபிலோடெமஸ் என்ற எபிக்யூரிய அறிஞர், அதாவது எபிக்யூரஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானியின் வழியைப் பின்பற்றியவர், எழுதியவை. எபிக்யூரஸ் இயற்கையைப் பற்றி 37 பாகங்களில் எழுதிய பெருநூலின் சில பாகங்களும், வேறெங்கும் கிடைக்காத நிலையில், இங்கேதான் கிடைத்தன.

1753-இல் வத்திக்கானில் இருந்து வரவழைக்கப்பட்ட அந்தோனியோ பியாஜ்ஜியோ என்ற துறவி, சுருளின் முதுகில் மெல்லிய தோல் சவ்வுகளை ஒட்டி, பட்டு நூல்களால் கட்டித் தூக்கி, சுருளின் எடையே அதைச் சிறிது சிறிதாகப் பிரிக்கும்படி ஒரு பொறியை அமைத்தார். அவ்வாறு முதலில் விரிந்தது, இசையைப் பற்றி ஃபிலோடெமஸ் எழுதிய நூலின் நான்காம் பாகம். 1793-இல் அது அச்சேறியது. ஆனால் எல்லாச் சுருள்களையும் அவ்வாறு விரிக்க முடியவில்லை. பலவற்றை நீளவாக்கில் வெட்டி, அரைவட்டமாக நின்ற வெளிப்பகுதிகளின் உட்பக்கத்தில் தெரிந்த எழுத்துகளைப் படமாக வரைந்துகொண்டு, பிறகு அந்த அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த அடுக்கை வரைந்தார்கள். சுரண்டப்பட்ட அடுக்கு திரும்பி வராது. அந்தப் பகுதிகளுக்கு இன்று ஒரே சான்று, வரைந்தவர்களின் படங்கள்தாம்.

அந்த ஓவியர்கள் கிரேக்கம் அறியாதவர்கள் என்பது இதில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. மொழி தெரிந்தவர் வரைந்திருந்தால், பாதி தெரிகின்ற எழுத்தைச் சொல்லுக்கு ஏற்பத் தம்மை அறியாமலே முழுமையாக்கி இருப்பார். தெரியாதவரோ, சாய்ந்த கோடு ஒன்று தெரிந்தால் சாய்ந்த கோடு ஒன்றை மட்டுமே வரைவார். பொருள் புரியாமையே அங்கே நேர்மைக்குக் காவலாக நின்றது. இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு பதிப்பாசிரியர் அந்தச் சாய்ந்த கோட்டைப் பார்த்து, இது ஆல்ஃபாவின் (Α) இடக்கால், லாம்டாவாகவும் (Λ) இருக்கலாம் என்று எழுதுகிறார் என்றால், அவர் நம்பி நிற்பது அந்த ஓவியரின் கையைத்தான்.

படங்கள் இருந்தும் வரிசை தெரியவில்லை. உள்ளடுக்கை முதலிலும் வெளியடுக்கைப் பின்னரும் வரைந்ததால், படங்களின் எண் வரிசை நூலின் வரிசைக்குத் தலைகீழாக இருந்தது. இந்த எளிய உண்மையை ஆய்வாளர்கள் முழுமையாக உணர்ந்து பயன்படுத்தத் தொடங்கியது 1980-களில்தான். அதன்படி இசை நூலைத் தொடக்கத்தில் இருந்து மறுபடியும் அடுக்கி, டானியேல் தெலாத்ர் தம் பதிப்பை 2007-இல் வெளியிட்டார். முதலில் விரிந்த சுருளுக்கே, விரிந்த நாளில் இருந்து இரண்டரை நூற்றாண்டு. இந்தக் காலக்கணக்கை நினைக்கும்போது எனக்கு அயர்ச்சி தோன்றுவதில்லை. ஒருவர் வைத்துவிட்டுப் போன இடத்தில் இருந்தே அடுத்தவர் எடுக்க முடிந்தது என்பதில் பெரும் நிறைவு தோன்றுகிறது.

2024 ஏப்ரலில், பிளேட்டோ புதைக்கப்பட்ட இடம் தெரிந்துவிட்டது என்ற செய்தி உலகெங்கும் வந்தது நினைவிருக்கலாம். பீசா பல்கலைக்கழகத்தின் கிராசியானோ ரனோக்கியா தலைமையில் நடக்கும் ஆய்வில், பிளேட்டோ ஏதென்ஸில் நிறுவிய அகாடமி என்ற கல்விக்கூடத்தின் வரலாற்றைப் பற்றி ஃபிலோடெமஸ் எழுதிய சுருளைப் புதிய ஒளிப்பட முறைகளால் படித்ததில் கிடைத்த தகவல் அது. செய்தியைப் படித்த பலரும், இதற்கு முன் யாருக்குமே தெரியாத ஒன்று வெளிவந்துவிட்டதாக எண்ணினார்கள். ஆனால் பிளேட்டோ அகாடமியில் புதைக்கப்பட்டார் என்று, பழைய தத்துவஞானிகளின் வரலாற்றை எழுதிய டயோஜெனிஸ் லேயர்ஷியஸ் முன்பே எழுதி வைத்திருக்கிறார். பிளேட்டோவின் நினைவுச் சின்னம் அகாடமிக்கு அருகே இருப்பதாகப் பவுசானியஸ் தம் பயண நூலில் சொல்கிறார். புதியது, அகாடமிக்குள்ளேயே கலைத்தேவியரின் கோயிலுக்குப் பக்கத்தில், தோட்டத்தில் என்று இடம் இன்னும் நுட்பமாகத் தெரிந்ததுதான். தலைப்புச் செய்திக்கு அது சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அது போதும்.

அந்தச் சுருளின் பதிப்பு வரலாறு தலைப்புச் செய்தியைவிட நெஞ்சைத் தொடுவது. 1902-இல் மெக்லர் பதிப்பித்தார். 1988-இல் கைசர் பிளேட்டோவைப் பற்றிய பகுதிகளை எடுத்து ஆராய்ந்தார். 1991-இல் தொராந்தி புதிய பதிப்பைக் கொண்டு வந்தார். 2023-இல் கிலியன் ஃபிளைஷரின் விரிவான பதிப்பு வந்தது. ஒவ்வொருவரும் முந்தியவர் இட்ட புள்ளிகளைச் சோதிக்கிறார். சிலவற்றை நீக்குகிறார், சில இடங்களில் முந்தியவர் உறுதி என்று எழுதியதற்கு அடியில் புள்ளியை இடுகிறார். அந்தச் சுருளே ஃபிலோடெமஸின் வரைவுப் பிரதி என்பதும், அதில் சேர்க்கைகளும் இடமாற்றங்களும் தெரிகின்றன என்பதும், பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறார் என்பதும் வேறு செய்தி. நூலாசிரியரே முடிவு செய்யாத ஒரு நூலை முடிவு செய்ய முயல்கின்றவர்கள் இவர்கள்.

இந்தக் கூட்டம் எப்போதும் ஒற்றுமையாக நடந்துகொண்டது என்று சொல்வது உண்மையாகாது. நான் படியெடுத்த டெர்வேனி பாப்பிரஸையே எடுத்துக்கொள்ளலாம். 1962-இல் தெசலோனிக்கி நகருக்கு அருகே, ஈமச்சிதையின் எச்சத்தில் இருந்து அது கிடைத்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அது, ஐரோப்பாவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஏடு. உடல் எரிந்த நெருப்பில் பாதி கருகியதால்தான் அது மட்காமல் தப்பியது. கிரேக்கப் புராணப் பாடகர் ஆர்ஃபியஸ் பாடியதாகச் சொல்லப்படும் ஒரு கவிதைக்கு, சாக்ரட்டீஸுக்கு முற்பட்ட இயற்கைத் தத்துவத்தின் வழியில் வரிவரியாகப் பொருள் சொல்லும் உரை அது. தெய்வங்களின் பிறப்புக் கதை, அந்த உரையாசிரியரின் கையில் காற்றும் நெருப்பும் அறிவும் உலகை அமைத்த கதையாக மாறுகிறது. அவர் பெயர் ஏட்டில் இல்லை. ஸ்டெசிம்புரோட்டஸ் என்று ஒருவர், யூதிஃப்ரோ என்று ஒருவர், நாத்திகர் என்று பெயரெடுத்த டயகோரஸ் என்று மற்றொருவர், என ஊகங்கள் தொடர்கின்றன.

அந்த ஏட்டின் முழுமையான அதிகாரப்பூர்வப் பதிப்பு 2006-இல்தான் வந்தது. இடையில் 44 ஆண்டுகள். ஒருசில பத்திகள் மட்டும் 1964-இல் வெளியாயின. பிறகு நீண்ட காத்திருப்பு. 1982-இல், பாப்பிரஸ் ஆய்வுக்கான ஒரு ஜெர்மன் இதழில், யார் அளித்தது என்ற பெயரே இல்லாமல் மூலபாடம் ஒன்று வெளிவந்தது. பதிப்புரிமை பெற்றிருந்தவர்களின் ஒப்புதல் அதற்கு இல்லை. அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகள் உலகமெங்கும் இந்த ஏட்டைப் பற்றி எழுதியவர்கள், சரிபார்க்க வழியில்லாத அந்தப் பாடத்தின் மீதே தங்கள் வாதங்களைக் கட்ட வேண்டியிருந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பொருத்துவது அவசரமாகச் செய்யக்கூடிய வேலை இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பிறர் ஏட்டைப் பார்க்க முடியாதபோது புள்ளிக்கும் அடைப்புக்கும் பொருளே இல்லாமல் போகிறது. தவறாக இருக்கலாம் என்று அறிவிக்கின்ற குறி, அந்தத் தவறைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைப் பிறருக்குக் கொடுத்தால்தானே குறி ஆகும்? 2006-க்குப் பிறகு, தொடக்கப் பத்திகளின் துண்டுகளை வேறு விதமாக அடுக்கிய மறுவாசிப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்ததையும், அவை இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதையும் பார்க்கும்போது, நாற்பது ஆண்டுகளில் எத்தனை கண்கள் உதவியிருக்கக் கூடும் என்ற வருத்தம் எனக்கு மிகுதியாகவே உண்டு.

அந்த வருத்தத்துக்கு மருந்துபோல வந்தது 2023 மார்ச்சில் தொடங்கிய வெசூவியஸ் சேலஞ்ச் என்ற போட்டி. ஹெர்குலேனியத்தில் விரிக்கப்படாமல் இருக்கும் நூற்றுக்கணக்கான சுருள்களைத் தொடாமலே படிக்க, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் பல ஆண்டுகளாக உழைத்து வந்தார். இங்கிலாந்தின் டயமண்ட் லைட் சோர்ஸ் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களைப் பொதுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் முயலலாம் என்று பரிசும் அறிவித்தார்கள். நிபந்தனை துல்லியமாக இருந்தது: ஒவ்வொன்றும் 140 எழுத்துகள் கொண்ட 4 பகுதிகள் படிக்கக் கிடைக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 85 சதவீத எழுத்துகளாவது தெளிய வேண்டும். 2023 அக்டோபரில், ஊதா நிறத்தைக் குறிக்கும் 'பொர்ஃபூராஸ்' என்ற ஒரு சொல் கிடைத்தது. 2024 பிப்ரவரியில், மூன்று மாணவர்கள் 7,00,000 டாலர் பரிசைப் பெற்றபோது, பாரிஸில் உள்ள ஒரு சுருளில் இருந்து 15 பத்திகளின் பகுதிகள், 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள், வெளிச்சத்துக்கு வந்திருந்தன. நெப்போலியனுக்கு அன்பளிப்பாகப் போன சுருள்களில் ஒன்று அது. அரிதாகக் கிடைப்பது ஏராளமாகக் கிடைப்பதைவிட அதனாலேயே அதிக இன்பம் தருமா என்று அதில் ஓர் எபிக்யூரியர் கேட்கிறார்; உணவும் இசையும் எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. ஃபிலோடெமஸ்தான் எழுதினார் என்று கருதுகிறார்கள்.

இயந்திரம் படித்தது என்று கேட்டதும் எனக்கு முதலில் எழுந்தது அச்சம்தான். இன்றைய மென்பொருள்கள் இல்லாததையும் சரளமாக எழுதிக் கொடுக்கக்கூடியவை. கிரேக்கம் தெரிந்த ஒரு நிரல், சிதைந்த இடத்தை அழகான கிரேக்கத்தால் நிரப்பிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? ஆனால் இங்கே பயன்பட்ட நிரல்கள் கிரேக்கம் அறியாதவை. மிகச் சிறிய பரப்பை மட்டும் பார்த்து, இந்த இடத்தில் மை உண்டா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்பவை. எழுத்து என்றால் என்ன என்பதே அவற்றுக்குத் தெரியாது. இதைப் படித்த அன்று எனக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸின் அந்த ஓவியர்கள் நினைவுக்கு வந்தார்கள். கையில் பென்சிலோடு கரிந்த அடுக்கின் மீது குனிந்து, பொருள் அறியாமல், தெரிந்த கோட்டை மட்டும் வரைந்தவர்கள். இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னர், அதே அறியாமையைத் திட்டமிட்டு மீண்டும் உருவாக்கி இருக்கிறார்கள். அதன் மேல் எழுத்தையும் சொல்லையும் ஏற்றுகின்ற வேலை, முன்பு போலவே, ஃபெடரிக்கா நிக்கொலார்தி போன்ற பாப்பிரஸ் அறிஞர்களுக்கு உரியது. புள்ளியை இடுகின்றவர்கள் அவர்கள்தாம்.

ஏடு முழுதாக இருந்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அரிஸ்டாட்டிலின் 'மெட்டாஃபிசிக்ஸ்' நூல் கருகவும் இல்லை, கிழியவும் இல்லை. வியன்னாவில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றும், பாரிஸில் பத்தாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றும் ஒரு கிளையைச் சேர்ந்தவை. ஃபிளாரன்ஸில் உள்ள மற்றொன்று வேறு கிளையைச் சேர்ந்தது. இந்த இரு கிளைகளுக்கும் இடையிலான பாடபேதங்களை எப்படி எடைபோடுவது என்பது இன்றும் சூடான விவாதம். 1924-இல் ராஸும் 1957-இல் யேகரும் பதிப்பித்த பிறகும், முதல் பாகத்துக்கு ஆலிவர் பிரிமாவேசி புதிய மூலபாடத்தை அமைத்தார். 2012-இல் வெளிவந்த அந்தத் தொகுதி, 'சிம்போசியம் அரிஸ்டாட்டிலிக்கம்' என்ற கூட்டத்தின் உழைப்பு. இங்மார் தூரிங்கும் ஓவனும் 1957-இல் ஆக்ஸ்ஃபர்டில் தொடங்கி வைத்த அந்த அவை, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. சிறிய அவைதான். ஒரு நூலை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டு, வரிவரியாக வாதிடுவது அவர்களின் வழக்கம்.

அந்த முதல் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் நான் இப்போது நிற்கிறேன். காணும் பொருள்களுக்கு அப்பால் மாறாத வடிவங்கள் உண்டு என்ற பிளேட்டோவின் வடிவக் கோட்பாட்டை அரிஸ்டாட்டில் அங்கே கடுமையாக மறுக்கிறார். ஆனால் மறுக்கும்போது, வடிவங்கள் உண்டு என்று 'நிறுவுகிறோம்', 'கருதுகிறோம்' என்று தன்மைப் பன்மையில் பேசுகிறார். தம்மையும் பிளேட்டோவின் மாணவர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டே மறுக்கிறார். அதே வாதங்கள், ஏறத்தாழ அதே சொற்களில், பதின்மூன்றாம் பாகத்திலும் வருகின்றன. அங்கே 'கருதுகிறோம்' என்பது 'கருதுகிறார்கள்' என்று ஆகிவிடுகிறது. இந்த ஒரு விகுதி மாற்றத்தைப் பற்றிக்கொண்டு, யேகர் 1923-இல் அரிஸ்டாட்டிலின் சிந்தனை வளர்ந்த வரலாற்றையே எழுதினார். பிளேட்டோ இறந்தவுடன், ஏதென்ஸை விட்டு ஆஸஸ் நகருக்குப் போன அரிஸ்டாட்டில், அங்கே இருந்த பழைய தோழர்களிடம் பேசியது முதல் பாகம் என்றும், உறவு விலகிய பிறகு எழுதியது பின்னது என்றும் அவர் சொன்னார். ஒரு விகுதி அத்தனை சுமையைத் தாங்காது என்று பின்வந்தவர்கள் பலர் ஐயுற்றார்கள். இரு தரப்பையும் படித்த பின்னர் எனக்கு யேகரின் காலவரிசையில் நம்பிக்கை குறைந்தது. அந்தத் தன்மைப் பன்மையில் ஒரு துயரம் இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் குறையவில்லை.

தமிழில் பெயர்க்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. கிரேக்க வினையில் தன்மைப் பன்மை ஒன்றே. நமக்கோ 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்கின்றவர்களும் பிளேட்டோவின் மாணவர்களே என்றால் 'நாம் கருதுகிறோம்' என்று எழுத வேண்டும். உள்ளே இருந்து உள்ளே இருப்பவர்களிடம் பேசும் பேச்சு அது. கேட்கின்றவர்கள் வெளியார் என்றால் 'நாங்கள் கருதுகிறோம்'. தம் குடும்பத்தின் குறையைப் பிறர்முன் ஒத்துக்கொள்ளும் பேச்சு அது. எந்த அறையில், யார் எதிரில் அரிஸ்டாட்டில் பேசினார் என்ற கேள்விக்கு, ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பெயர்க்கின்றவர்கள் விடை சொல்லாமலே கடந்து போக முடியும். தமிழில் 'நாம்' அல்லது 'நாங்கள்' என்ற பெயரை எழுதினால் கடக்க முடியாது. எழுதாமல் வினைமுற்றோடு நிறுத்தினால், அந்தப் பத்தியின் அழுத்தம் போய்விடுகிறது.

பல வாரங்கள் தயங்கிய பின்னர், என் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை நா[ங்கள்] என்று எழுதினேன். மூலத்தில் அழிந்துபோன எழுத்துக்கு உரிய குறியை, மூலமொழியில் என்றுமே இல்லாத ஒரு வேறுபாட்டுக்கு இடுவது லெய்டன் முறைப்படி சரியாகாது. ஆனால் அடைப்புக்குள் இருப்பது என் ஊகம் என்பதைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த வகுப்பில் பேராசிரியர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்தார், அடைப்புக்கு மேலே, இன்னும் மெல்லிய எழுத்தில், [ம்] என்று மற்றொரு பாடத்தையும் எழுதினார். பிறகு அடுத்த வரியைப் படிக்கச் சொன்னார்.